எங்கள் முறை நாள்

மாரி மழை ஓய்ந்து, வெள்ளவத்தைக் கடல் மீண்டும் நீலங்கொள்ளும் தை மாதக் கடைசியில் எங்கள் வீட்டுக்கு ஆண்டுதோறும் ஒரு தொலைபேசி அழைப்பு வரும். அழைப்பவர் யாழ்ப்பாணக் குடாநாட்டுச் செம்மண் ஊரொன்றில் வெங்காயமும் மிளகாயும் பயிரிட்டு வாழும் ஒரு பெண்மணி. அவ்வூரில் என் மனைவிக்கும் அவருடைய தமையனாருக்கும் தாய்வழியாக வந்த தோட்டத்தறை என்னும் பயிர்நிலம் ஒன்று பங்கு பிரிக்கப்படாமற் கிடக்கிறது. அதன் வடகீழ் மூலையில் ஒரு கிணறு. கிணறு எங்கள் நிலத்தில் இருந்தாலும் எங்களுக்கு மட்டும் உரியதன்று. சூழவுள்ள தறைகளுக்கு உடையவர் எல்லோருக்கும் அதிற் பங்குண்டு. எட்டு நாட்கொண்ட இறைப்புச் சுற்றில் அவரவர் பங்குக்கேற்ப அவரவர்க்கு நாள் உண்டு. அந்நாளை முறை என்பார்கள். எங்கள் முறை இரண்டு நாள். காலஞ்சென்ற கணவர் வழியாக அப்பெண்மணிக்கு ஒரு நாள்.

அழைப்பு நீண்டதாக இராது.

“அக்கா, இறைப்புத் தொடங்கப் போறம். உங்கட முறை போன வருஷம் மாதிரியேதானே?”

“ஓம் பிள்ளை, அதே மாதிரித்தான்.”

அதன்பின் மழை எவ்வளவு பெய்தது, முருங்கையில் மயிர்க்கொட்டிப் புழு இருக்கிறதா, என் மனைவியின் முழங்கால் எப்படி என்று சிறிது நேரம் கதைத்துவிட்டு வைத்துவிடுவார்கள். பல்லாண்டுகளாக அடுத்த அறையிலிருந்து இவ்வுரையாடலைக் கேட்டிருக்கிறேன். பொங்கல் வாழ்த்தைப் போல இதுவும் ஒரு வழக்கம் என்றே எண்ணியிருந்தேன்.

என் மைத்துனர் எங்கள் தொடர்மாடியிலேயே எங்களுக்கு மேல்மாடியில் வசித்தார். பதின்ம வயதிலேயே கொழும்புக்கு வந்து, கொச்சிக்கடையில் ஒரு கப்பல் முகவர் நிலையத்தில் எழுதுநராகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்தபின் அவருக்குத் துணை, மின்தூக்கி பழுதடையும் நாட்களில் அதைத் திட்டுவதும், மாலையில் என்னோடு கடற்கரை வீதியில் நடப்பதுமே. மெல்பேணில் வாழும் மகள் தன்னுடன் வந்துவிடுமாறு வற்புறுத்திக்கொண்டிருந்தாள். போவது என்று சென்ற ஆண்டு அவர் முடிவு செய்தார். போகுமுன் அந்தத் தறையை விற்றுத் தம் பெயரை இந்த மண்ணின் உறுதிகளிலிருந்து முற்றாக நீக்கிவிட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். உறுதி என்று நாங்கள் சொல்வது நில ஆவணத்தை. வெளிநாட்டிற் பிறந்து வளரும் பிள்ளைகள் அரையும் காலுமாகப் பங்கு கேட்டு எங்கள் காலத்துக்குப் பின் ஒருவரோடொருவர் மனம் கசந்துவிடக் கூடாது என்று அவர் அஞ்சினார். அந்த அச்சத்தை நான் குறைகூற மாட்டேன்.

வாங்குவதற்கு ஒருவர் இருந்தார். பவுசர் என்று எல்லோரும் வழங்கும் நீர்த்தாங்கி வண்டிகள் சில வைத்துக்கொண்டு, உவர்நீர்க் கிராமங்களுக்கும் புதிய விடுதிகளுக்கும் நன்னீர் விற்பவர். அவருக்கு வேண்டியிருந்தது நிலமன்று, கிணறு. விற்பனையைப் பேசிவந்த தரகர் இதை மறைக்கவுமில்லை.

“மச்சான், இதில யோசிக்க ஒண்டுமில்லை” என்றார் மைத்துனர், ஒரு மாலை நடையின்போது. கடற்கரை இருப்புப் பாதையில் பாணந்துறை வண்டி கடந்து போகும்வரை காத்திருந்து தொடர்ந்தார். “எங்கட முறையிலயும் இவ்வளவு காலமும் அந்தப் பிள்ளைதான் இறைக்குது. நாங்கள் வாய் திறக்கேல்லை. பத்து வருஷம் கேள்வியில்லாம ஆண்டா ஆட்சியுரிமை எண்டு வழக்குப் போட வழியிருக்கு. நீர்தானே அந்தச் சட்டத்தைத் தமிழில எழுதினது?”

எழுதியவன் நானல்லன். அரசாங்க மொழிபெயர்ப்பாளனாக நெடுங்காலம் நிலச் சட்டங்களைத் தமிழாக்கியவர்களுள் நானும் ஒருவன். ஆனால் அவர் சொன்னது சட்டத்துக்குப் புறம்பான அச்சமன்று. பிறருடைய உடைமையை இடையூறின்றி, வெளிப்படையாக, நெடுங்காலம் ஆண்டனுபவிப்பவருக்குச் சட்டம் ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. உடைமையாளர் பயன்படுத்தாமல் விட்டது அவருக்கு எதிராக நிற்கக்கூடும்.

வீடு திரும்பி இதை மனைவியிடம் சொன்னேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நின்றது.

“அண்ணை அப்பிடியோ நினைச்சுக்கொண்டிருக்கிறார்?”

“நீ என்ன நினைக்கிறாய்?”

“நான் சொன்னா, தங்கச்சி வக்காலத்து வாங்குறாள் எண்டுவார். அந்தப் பிள்ளை வரட்டும். அவளிட்டையே கேளுங்கோ.”

மறுநாளே மனைவி தொலைபேசியில் அப்பெண்மணிக்கு விற்பனைச் செய்தியைச் சொல்லிவிட்டார். அந்த வாரமே அப்பெண்மணி இரவுப் பேருந்தில் ஏறி, விடிகாலையில் காலி வீதியில் எங்கள் ஒழுங்கை முனையில் வந்து இறங்கினார். நான் சென்று அழைத்து வந்தேன். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒரு கையில் வெங்காயப் பிடிகள் நிறைந்த பை, மறு கையில் முருங்கைக்காய்க் கட்டு. என்னைத் தூக்க விடவில்லை. மின்தூக்கி அன்று இயங்கியது. அதற்குள் நின்றபோது மட்டும் முருங்கைக்காய்க் கட்டைத் துப்பாக்கி போல நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

குளித்து, தேநீர் அருந்தி, அவர் நாற்காலியின் விளிம்பில் அமர்ந்திருந்தபோது மைத்துனர் மேலிருந்து வந்தார். நீதிமன்றத்துக்குப் போகிறவரைப் போல மடிப்புக் குலையாத சட்டை அணிந்திருந்தார்.

“பயணமெல்லாம் எப்பிடிப் பிள்ளை?”

“பஸ்ஸில ஏசியைக் கூட்டி விட்டிட்டாங்கள் அண்ணை. ரெண்டு காதும் அடைச்சுப்போச்சு. நீங்கள் பேசுறதெண்டா இப்பவே பேசுங்கோ, அரைவாசிதான் கேக்கும்.”

மைத்துனருக்குச் சிரிப்பு வந்தது. அதை மீசைக்குள் அடக்கிக்கொண்டார்.

“பேசுறதுக்குக் கூப்பிடேல்லை. ஒரு கேள்விதான். எங்கட ரெண்டு நாளிலயும் நீர்தானே இறைக்கிறீர்?”

அப்பெண்மணி என் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

“அண்ணைக்குத் தெரியாதோ அக்கா?”

“நீயே சொல்லு.”

“உங்கட முறையில ஒருத்தரும் இறைக்கிறேல்லை அண்ணை. முதல் நாள் பின்னேரமே மெசினைக் கழட்டித் தூக்கிக்கொண்டு போயிடுவம். ரெண்டு நாளும் கிணறு சும்மா கிடக்கும்.”

“சும்மாவோ?”

“ஊறும். உங்கட அம்மா சொல்லிப்போட்டுப் போனது. நான் கலியாணம் முடிச்சு அங்க வந்த புதிசு. அம்மா கொழும்புக்கு வெளிக்கிடுறா. அவவின்ர முறை ஆருக்கு எண்டு என்ர மாமாவுக்கும் மற்றப் பங்காளியளுக்கும் இழுபறி. அம்மா சொன்னா, ‘ஒருத்தருக்குக் குடுத்தா மற்றவன் முகத்தைத் திருப்புவான். ஆருக்கும் வேண்டாம், என்ர நாளைக் கிணத்துக்கே விடுங்கோ’ எண்டு. சண்டை வரக்கூடாதெண்டுதான் சொன்னவ. பிறகுதான் கண்டது, அந்த ரெண்டு நாளும் கழிஞ்சு முதல் இறைக்கிறவையின்ர தண்ணி இளநி மாதிரி இருக்கும்.”

அதன்பின் அவர் எங்கள் மேசையில் இருந்த தண்ணீர்க் குவளையை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு விளக்கினார். குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். மழைநீர் அதற்குள் இறங்கி, கீழே ஊடுருவி நிற்கும் கடல்நீரின்மேல் ஒரு மெல்லிய படையாகக் கிடக்கிறது.

“நல்ல தண்ணி மேல கொஞ்சந்தான் அண்ணை. அடியில கடல். இழுக்க இழுக்க அது மேல வரும். கொஞ்சம் விட்டா இறங்கிப் போயிடும். மேற்கு ஒழுங்கையில ரெண்டு கிணறும் உவராப் போச்சு. அங்க எல்லாரும் ஊரோட இருக்கினம், எல்லா நாளும் இறைப்பு. கிணத்துக்கு ஒரு நாள் கிடைக்கேல்லை. எங்கட கிணத்தில இப்பவும் குடிக்கலாம்.”

“பவுசர்காரர் வந்தாலும் உம்மட நாள் உமக்குத்தானே. அதை ஒருத்தரும் பறிக்கேலாது” என்றேன் நான்.

“பறிக்க மாட்டினம் அத்தான். அது எனக்குத் தெரியும். அவை தங்கட ரெண்டு நாளும் ராப்பகலா இழுப்பினம். பிறகு என்ர நாளில நான் உவரைத்தான் இறைக்க வேணும். வெங்காயம் நுனியில கருகத் தொடங்கும். என்ர தறையை விட்டா எனக்கு வேற ஒண்டுமில்லை. வேற வேலையும் தெரியாது.”

குரல் உயரவில்லை. கெஞ்சலும் இல்லை. வெங்காயப் பையின் காதை மட்டும் முறுக்கிக்கொண்டேயிருந்தார். வானம் இருட்டி வருவதைச் சொல்வது போலச் சொன்னார்.

மைத்துனர் அந்தக் குவளையைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு, “நீர் ஏன் எங்கட நாளை எடுத்து இறைக்கேல்லை? கேட்டிருந்தாத் தந்திருப்பம்” என்றார்.

“கேட்டாத் தந்திருப்பியள் எண்டுதான் அண்ணை கேக்கேல்லை.”

நிலச் சட்டங்களின் சொற்களோடு வாழ்ந்தவன் நான். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று உடைமை வந்த வழியைப் பிரித்துச் சொல்லும் நயம் எங்கள் யாழ்ப்பாணச் சட்டமான தேசவழமைக்கு உண்டு. எல்லைகளுக்கும், வழி வாய்க்காலுக்கும், நிழல் விழும் மரத்துக்கும்கூடச் சொற்கள் உண்டு. ஆயினும் பயன்படுத்தாமல் விடுதல் என்பதை நான் மொழிபெயர்த்த பக்கங்கள் பெரும்பாலும் கைவிடுதல் என்றே கண்டன. இங்கோ அதுவே எல்லாப் பங்காளிகளும் அறிந்து ஒத்துக்கொண்டு நடத்திய ஆட்சி. நிலத்தில் நாங்கள் இல்லை. எங்கள் இன்மைக்குச் சுற்றுக்கு இரண்டு நாள் ஒதுக்கி, அதையும் ஆண்டுக்கொருமுறை எங்களிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

“என்னண்ணை யோசிக்கிறியள்?” என்றார் என் மனைவி. “எங்கட மாடியிலயும் இதுதானே. பாதி வீடு பூட்டிக் கிடக்கிறபடியால்தான் தண்ணி உங்கட மாடிக்கு ஏறுது. ஆடி மாசம் லண்டனும் கனடாவும் வந்து இறங்கினா, நீங்கள் வாளியோட எங்கட வீட்டு வாசலில.”

“வத்துர நே மாத்தயா” என்றார் மைத்துனர், எங்கள் காவலாளி ‘தண்ணீர் இல்லை ஐயா’ என்று சிங்களத்தில் சொல்லி அந்நாட்களிற் கையை விரிக்கும் அதே பாவனையில். அப்போதுதான் அந்தப் பெண்மணி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து அமர்ந்தார்.

மைத்துனருக்குக் கேட்க இன்னொன்று இருந்தது. உணவு பரிமாறி முடியும்வரை அடக்கி வைத்திருந்து கேட்டார்.

“அம்மா அதை எங்க நிண்டு சொன்னவ?”

“கிணத்துக் கட்டில. கால் கழுவிக்கொண்டு. சொல்லிப்போட்டு அப்பிடியே காருக்குப் போனவ, பிறகு செருப்பை விட்டிட்டன் எண்டு திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனவ.”

“ஈரக் காலோடயோ?”

“ஓம், ஈரக் காலோட.”

அவர் தலையை அசைத்தார். பணம் அனுப்பியும், நோய்க்கு மருத்துவரிடம் காட்டியும், கடைசிக் காலத்தில் தம் வீட்டில் வைத்தும் தாயைப் பேணிய மகன் அவர். ஆயினும் தாய் அந்த மண்ணை விட்டுப் புறப்பட்ட நாளில் அவர் கொழும்பில் அலுவலகத்தில் இருந்தார். அந்த ஒரு காட்சி அவருக்கு இவ்வளவு காலமும் கிடைத்திருக்கவில்லை.

அப்பெண்மணி அன்றிரவே பேருந்தில் திரும்பிவிட்டார். மறுநாள் தமது முறை என்றார்.

விற்பதில்லை என்று அன்றே முடிவாயிற்று என்று சொல்ல விரும்புகிறேன். ஆனால் அப்படி நடக்கவில்லை. மைத்துனர் தரகருக்கு ஒன்றும் சொல்லாமல் சில நாட்கள் கடத்தினார். நிலத்தை மட்டும் விற்று, இரண்டு நாள் முறையை எவரும் தொடக் கூடாது என்று எழுதி வைக்க வழியுண்டா என்று பார்க்க விரும்பினார். நாங்கள் மூவரும் கொட்டாஞ்சேனையில் உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசிடம் போனோம். மைத்துனருக்கு அலுவலகக் காலந்தொட்டுப் பழக்கமானவர். பழைய உறுதிகளின் நடையை நன்கறிந்தவர்.

“எழுதலாம்” என்றார் அவர். “ஆரின்ர பேருக்கு எழுதுறது?”

“கிணத்தின்ர பேருக்கு” என்றார் மைத்துனர், சிறிதும் தயங்காமல்.

நொத்தாரிசு கண்ணாடியைக் கழற்றினார். “கிணத்துக்கு அடையாள அட்டை இருக்கோ?”

“உமக்கு முந்திப் பிறந்த கிணறு ஐயா அது.”

“அப்ப பென்சனும் எடுக்குதாக்கும்.” சிரித்து முடித்தபின் அவர் பொறுமையாக விளக்கினார். ஒரு பங்கை ஒருவர் இன்னொருவருக்கு எழுதலாம். நிபந்தனையும் விதிக்கலாம். ஆனால் வாங்கியவர் நிபந்தனையை மீறினால், வழக்குத் தொடுக்க உரிமையுள்ள ஒருவர் அங்கே இருக்க வேண்டும். நிலத்தை விற்றுவிட்டு வெளிநாடு போனவருக்கு அந்நிலத்தில் என்ன நிலை? “நீங்கள் சொல்லுற முறை, ஆக்கள் ஒருத்தருக்கொருத்தர் வைச்சிருக்கிற நம்பிக்கை. அதை உறுதியில எழுதேலாது. பங்கு இருக்கிறவன்தான் அதைக் காப்பாத்தலாம்.”

முச்சக்கர வண்டியில் திரும்பினோம். பம்பலப்பிட்டி தாண்டும்போது மைத்துனர், “தங்கச்சி, என்ர பங்கை உனக்கு நன்கொடையா எழுதினா வைச்சிருப்பியோ?” என்றார்.

“நான் எங்க அண்ணை போகப் போறன்?”

“பிள்ளையள் பிறகு…”

“பிள்ளையளுக்கு நான் இருக்கும்போதே சொல்லி வைப்பன். காணியை அல்ல, முறையை முதல் சொல்லுவன்.”

நன்கொடை உறுதி எழுதப்பட்டது. தரகருக்கு நானே தொலைபேசியில் அறிவித்தேன். நிலத்தில் ஏதும் வில்லங்கமா என்று கேட்டார். வில்லங்கம் இல்லை, கிணறு வேலை செய்துகொண்டிருக்கிறது என்றேன். அவருக்கு அது விளங்கியிருக்காது. விளக்கவும் நான் முயலவில்லை. அந்தப் பவுசர்காரர் வேறெங்கோ ஒரு கிணறு தேடியிருப்பார். அங்கே அதற்கு ஓய்வு நாள் உண்டா என்று சில வேளைகளில் நினைத்துக்கொள்வேன்.

மைத்துனர் பங்குனியில் மெல்பேணுக்குப் புறப்பட்டார். பயணப் பையில் மகளுக்கென்று அந்த ஊர் வெங்காயத்தை வைத்துக்கொள்ள மிகவும் விரும்பினார். அந்நாட்டுச் சுங்கத்தார் விடமாட்டார்கள் என்று சொல்லி என் மனைவி அதை வெளியே எடுத்துவிட்டார். ஆகவே கடைசி நாள் மதியம் அவ்வெங்காயத்தில் ஒரு குழம்பு வைத்து மூவரும் உண்டோம். வானூர்தி நிலையத்துக்குப் போகும் வழியில், எட்டு நாட்சுற்றில் எங்கள் முறை அடுத்து எந்நாள் வரும் என்று அவர் என் மனைவியிடம் கேட்டு, விரல்விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

சித்திரை வெயிலில் ஒரு முற்பகல், அவரிடமிருந்து காணொளி அழைப்பு வந்தது. அவருக்குப் பின்னால் ஒரு பசும்புல் முற்றமும், சுருண்டு கிடந்த நீர்க்குழாயும் தெரிந்தன. கம்பளிச் சட்டை அணிந்து நாற்காலியில் அமர்ந்திருந்தார்.

“மச்சான், இண்டைக்கு எங்கட முறையெல்லோ?”

நான் மனைவியைப் பார்த்தேன். அவர் ஒரு கணம் எண்ணிப் பார்த்துத் தலையசைத்தார்.

“ஓம், இண்டைக்கும் நாளைக்கும்.”

“அதுதான். மகள் வேலைக்குப் போகேக்க புல்லுக்குத் தண்ணி விடச் சொன்னவள். இண்டைக்கு ஏலாது எண்டு சொல்லிப்போட்டன்.”

என் மனைவி கைபேசியை வாங்கி, “அண்ணை, உங்கட பங்கை எனக்கெல்லோ எழுதித் தந்தனீங்கள்?” என்றார்.

“பங்கைத்தானே எழுதினன். முறையை எழுதேலாது எண்டு அந்த மனிசன் சொன்னவரெல்லோ.”

அழைப்பைத் துண்டிக்க எவருக்கும் மனம் வரவில்லை. அவருடைய முற்றத்தில் ஏதோ ஒரு பறவை கத்துவது கேட்டுக்கொண்டிருந்தது.